பேர் வெட்டிய இஞ்சின்

மார்க்கையன்கோட்டை,
12-12-1938

மதுரை மோட்டார் பட்டறையில் போர்மேனாக இருக்கிற மருமகன் சீனிச்சாமிக்கு, உன் தாய்மாமன் கோட்டைச்சாமி எழுதுகிற காகிதம்.

பத்து வருசமாகக் காகிதம் போடாத மாமன் இன்றைக்கு ஏன் போடுகிறான் என்று முழிக்காதே. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். அதுவும், எனக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியாரிடம் சரக்குத் தீர்ந்துபோனதால் நின்றேன். ஆனபடியால் நான் எழுதுவது உனக்குப் புரியும்.

விசயம் இதுதான். தை மாசம் தேனியில் மோட்டார் சொந்தக்காரர் சங்கம் ஒரு கண்காட்சி வைக்கிறது. இருபது வருசத்துக்கு மேலான கார்களை வரிசையாக நிறுத்தி, எந்த வண்டி வந்தபடியே கெடாமல் இருக்கிறது என்று பார்த்து வெள்ளிக் கோப்பை கொடுக்கிறார்களாம். நம் வண்டியையும் சேர்த்துவிட்டேன். இஞ்சின் பார்க்க மதுரையிலிருந்து சீனிச்சாமி என்று ஒருவர் வருகிறார் என்றார் சங்கத்துக் காரியதரிசி. "அவன் என் மடியில வளர்ந்த பயலுங்க" என்று மீசையைத் தடவினேன். மனுசன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

வண்டியின் பெருமை உனக்குத் தெரியாததில்லை. 1915-ல் மேகமலைத் துரை இதை எனக்கு விற்கும்போது ஹாண்டில் கம்பியை என் கையில் வைத்துவிட்டுச் சின்னப் பிள்ளைபோல அழுதார். துரைசாணி மூன்று நாள் சாப்பிடவில்லை. குமுளி ஏற்றத்தில் எதிரே வந்த யானை, இந்த வண்டிச் சத்தம் கேட்டுக் குட்டியை ஓரமாகத் தள்ளி வழிவிட்டது. கம்பத்தில் நான் ஹாரன் அடித்தால் உத்தமபாளையம் தாசில்தார் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார்.

சங்கத்து விதி ஒன்றே ஒன்றுதான். வண்டி கம்பெனியிலிருந்து எந்த இஞ்சினோடு வந்ததோ அதே இஞ்சின் இருக்க வேண்டுமாம். துரை கொடுத்த விற்பனைச் சீட்டில் உள்ள நம்பரும் இஞ்சினில் உள்ள நம்பரும் ஒத்திருக்க வேண்டுமாம். "பிறந்த இஞ்சின்" என்று மனுவில் கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ வந்து தலையை ஆட்டினால் போதும்.

உன் அப்பன் விசயத்தை நான் மறந்துவிட்டேன். நீயும் மறந்துவிடு.

கோட்டைச்சாமி


மதுரை,
16-12-1938

மாமாவுக்கு,

காகிதம் கிடைத்தது. உங்கள் மடியில் வளர்ந்ததாக எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பதை எழுதுகிறேன்.

என் அப்பா பலவேசம் உங்கள் வண்டிக்கு டிரைவராகவும் பிட்டராகவும் பதின்மூன்று வருசம் இருந்தார். 1928 ஐப்பசியில், ஆயுத பூசை முடிந்த மறுவாரம், வண்டி புகை கக்குகிறது என்று நீங்கள் சொல்லித்தான் இஞ்சினைக் கழற்றி மதுரைக்குக் கொண்டுபோனார். பிஸ்டன் வளையங்களை மாற்றித் திரும்பக் கொண்டுவந்து பூட்டினார். நீங்கள் பானெட்டைத் தூக்கி ஒருதரம் பார்த்தீர்கள். அன்று சாயங்காலமே அப்பாவைச் சாவடியில் ஊர் முன்னால் நிறுத்தி, "மச்சான் களவாணி" என்றீர்கள். நல்ல இஞ்சினை மதுரையில் விற்றுவிட்டு வேறொரு செத்த இஞ்சினைக் கொண்டுவந்து வைத்துவிட்டார் என்றீர்கள்.

"விற்பனைச் சீட்டைக் கொண்டாங்க மச்சான், நம்பரை ஒத்துப் பாத்துருவோம்" என்று அப்பா கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அப்போது பதினேழு வயசு. "களவாண்டதும் இல்லாம என்கிட்டயே சீட்டுக் கேக்குறியா" என்று நீங்கள் கையை ஓங்கினீர்கள். சீட்டு வரவில்லை.

அப்பா மூணாறு எஸ்டேட் பட்டறைக்குப் போனார். ஐந்து வருசம் இருந்து காய்ச்சலில் செத்தார். உங்கள் கூடப்பிறந்த பொன்னாத்தாள், என் அம்மா, அதற்குப் பிறகு உங்கள் வாசலை மிதிக்கவில்லை. மார்க்கையன்கோட்டையில் இன்றைக்கும் எங்களை இஞ்சின் களவாணி வீடு என்றுதான் சொல்கிறார்களாம்.

இப்போது நீங்களே கையெழுத்துப் போட்டு, அது பிறந்த இஞ்சின் என்கிறீர்கள். அப்படியானால் என் அப்பா திருடவில்லை. என் அப்பா திருடியது உண்மையானால், உங்கள் மனு பொய். எது என்று எழுதுங்கள். மனுவை வாபஸ் வாங்கலாம், அல்லது சாவடியில் பேசியதை வாபஸ் வாங்கலாம். இரண்டையும் வைத்துக்கொள்ள விடமாட்டேன்.

நான் உறவுக்காரன் என்பதைச் சங்கத்துக்குத் தெரிவித்துவிட்டேன். பீர்மேட்டிலிருந்து வர்க்கீஸ் மேஸ்திரியையும் கூடப் போட்டிருக்கிறார்கள்.

சீனிச்சாமி


மார்க்கையன்கோட்டை,
21-12-1938

மருமகன் சீனிச்சாமிக்கு,

வக்கீல் குமாஸ்தா மாதிரி எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறாய். சந்தோசம். ஆனால் உன் தாய்மாமன் வக்கீலையே விற்றுவிட்டு வருகிறவன்.

நீ கேட்ட இரண்டும் உண்மை. உன் அப்பன் இஞ்சினை விற்றதும் உண்மை, இப்போது வண்டியில் இருப்பது பிறந்த இஞ்சின் என்பதும் உண்மை. எப்படி என்று கேள்.

மூன்று வருசத்துக்கு முன்னால் பண்ணைப்புரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். தாலி கட்டுகிற நேரம். தூரத்தில் நெல் மில் ஓடுகிற சத்தம். என் காது விடைத்துக்கொண்டது. "நிறுத்துங்கய்யா மேளத்தை" என்றேன். மேளம் நின்றது. அது என் இஞ்சின் சத்தம். கைதட்டுகிற தினுசில் மனைவியை அடையாளம் சொல்கிற புருசன் எத்தனை பேர் இருப்பான்? நான் இஞ்சினையே சொன்னேன். மில்லுக்குள் ஓடினால், பெல்ட்டு மாட்டி நெல் குத்திக்கொண்டிருக்கிறது, பாவம். என்னைப் பார்த்ததும் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. பேசி வாங்கி, ஜோடி மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, செத்த இஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு இதைப் பூட்டினேன். கல்யாண மாப்பிள்ளையே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினான்.

ஆகையால் களவாணி களவாணிதான், இஞ்சினும் இஞ்சின்தான். வர்க்கீஸ் வரட்டும், அவன் பாட்டனும் வரட்டும்.

கோட்டைச்சாமி


மதுரை,
27-12-1938

மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பண்ணைப்புரம் போனேன். அங்கே நெல் மில் ஒன்றுதான் இருக்கிறது. அதை நடத்துகிற சுருளியம்மாள் என்கிற அம்மாள், கையில் இருந்த தவிட்டைத் தட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க மில்லுல கார் இஞ்சினா? மில்லு வச்ச நாள்ல இருந்து இந்தா நிக்கிற ஆயில் இஞ்சின்தான். யாருப்பா உனக்குச் சொன்னது?"

உங்கள் பெயரைச் சொன்னேன்.

"அவுகளா? போன வருசம் இங்கன வந்து, இந்த மில்லுக்கு இடம் பாத்துக் குடுத்ததே தான்தான்னு எங்கிட்டயே சொல்லிட்டுப் போனாக. நான் கட்டிக் குடுத்து வந்த ஊரு இது, எங்க மாமனார் நிலம். ஒரு செம்பு மோரு குடுத்து அனுப்பி வச்சேன்."

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "எங்கண்ணன் இம்புட்டு நீளமாப் பொய் சொல்றாருன்னா உள்ளுக்குள்ள உதறுதுன்னு அர்த்தம். அன்னிக்குச் சாவடியில சொன்னது ரெண்டே வார்த்தை. அதான் எல்லாரும் நம்பிட்டாக" என்றார்கள்.

ஆகவே இப்போது இருப்பது 1928-ல் அப்பா பூட்டிய அதே இஞ்சின். அதுவரை தெளிவு. அது எந்த இஞ்சின் என்பதை நம்பர் சொல்லும். தை நாலாம் தேதி காலையில் பார்ப்போம். அதற்குள் இஞ்சினில் கை வைக்காதீர்கள். அரத்தால் ஒரு ராவல் விழுந்திருந்தாலும் எனக்குத் தெரியும்.

சீனிச்சாமி


மார்க்கையன்கோட்டை,
3-1-1939

ஏலே சீனிச்சாமி,

ஒரு பொம்பளை பேச்சைக் கேட்டு மாமனுக்குக் காகிதம் எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டாயா. அந்தச் சுருளியம்மாளுக்கு மில்லில் தவிடு எது அரிசி எது என்று தெரியாது. அவள் புருசன் என்னைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டுவான்.

உன் அத்தை பஞ்சம்மாள், "அந்தப் பயலுக்கு எதுக்கு வேலை மெனக்கெட்டுப் பதில் எழுதுறீக, வண்டியைத் துடைச்சு நிறுத்துங்க" என்கிறாள். நான் எழுதுவேன். உன் அப்பன் களவாணி என்று நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. எனக்கு அடையாளம் தெரியும். நீ கேட்காததால் இத்தனை நாள் சொல்லவில்லை.

வண்டி வாங்கிய வருசத்திலிருந்து ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் இஞ்சினுக்கு என் கையால் சந்தனம் வைத்துக் குங்குமம் வைக்கிறேன். இஞ்சினின் வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் மழமழவென்று இழைத்திருக்கும். மற்ற இடமெல்லாம் வார்ப்பு இரும்பு, சொரசொரவென்று கிடக்கும். சீமைக்காரனுக்கும் சாமி பயம் உண்டு, பொட்டு வைக்க என்றே நெற்றி மாதிரி அந்த இடத்தை விட்டிருக்கிறான். பழைய சந்தனத்தைச் சுரண்டுகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. வருசா வருசம் அதன்மேலேயே வைப்பேன். பதின்மூன்று வருசப் பொட்டு, இரும்போடு இரும்பாக ஏறிப்போய்க் கிடந்தது.

உன் அப்பன் மதுரையிலிருந்து கொண்டுவந்த இஞ்சினில் நெற்றி வெறுமையாக இருந்தது. மூளி. ஒரு துளி சந்தனம் இல்லை. நூறு மாட்டுக்குள் என் மாட்டை முகத்தைப் பார்த்துச் சொல்கிறவன் நான். அது என் இஞ்சின் இல்லை என்று எனக்குச் சீட்டு எதற்கு, நம்பர் எதற்கு?

சரி, அந்த மூளி இஞ்சினைத்தானே கண்காட்சிக்குக் கொண்டுவருகிறாய் என்று உன் வக்கீல் புத்தி கேட்கும். பத்து வருசமாக நான் சந்தனம் வைத்து அதையும் என் இஞ்சினாக ஆக்கிவிட்டேன். நம்பர்தானே உனக்கு வேண்டும்? இடப்பக்கம் பளிச்சென்று இருக்கிறது. கண் உள்ளவன் வந்து படி.

கோட்டைச்சாமி


மதுரை,
20-1-1939

மாமாவுக்கு,

தேனியில் நடந்ததை நீங்கள் ஊரில் எப்படிச் சொல்லியிருப்பீர்கள் என்று தெரியும். நடந்தபடி நானும் எழுதி வைக்கிறேன். இதன் நகல் ஒன்று சங்கத்தில் இருக்கிறது.

வர்க்கீஸ் மேஸ்திரி முதலில் இடப்பக்கம் குனிந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இது எஞ்சினோ, செம்போ?" என்றார்.

பார்த்தேன். 3168 என்ற நம்பர் புள்ளி புள்ளியாக, கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவில் பேர் வெட்டுவதுபோல வெட்டியிருந்தது. பாத்திரக் கடையில் உட்கார்ந்து பேர் வெட்டுகிறவரைக் கூட்டிவந்து வெட்ட வைத்திருக்கிறீர்கள். அவர் கைப்பழக்கத்தில் நம்பருக்கு முன்னால் "மா. கோ." என்று உங்கள் முதலெழுத்தையும், பின்னால் ஒரு சின்னப் பூவையும் சேர்த்து வெட்டிவிட்டார். சுற்றி நின்ற சனம் எட்டிப் பார்த்துச் சிரித்தது. "கம்பெனிக்காரன் எனக்குன்னே பேர் போட்டு அனுப்புனதுங்க" என்று நீங்கள் கூசாமல் சொன்னீர்கள்.

அத்தோடு வண்டியைத் தள்ளுபடி செய்துவிட்டு நான் போயிருக்கலாம். வர்க்கீஸ் போகத்தான் போனார். நான்தான் நிறுத்தினேன். இஞ்சினில் நம்பர் அடிப்பதற்கென்று கம்பெனிக்காரன் ஒரு இடத்தை மட்டும் இழைத்து விடுவான். மற்ற இடத்தில் அச்சு பதியாது. நீங்கள் பொட்டு வைக்க விட்டது என்று எழுதினீர்களே, அதுதான் அந்த இடம்.

"சாமி பொட்டுல கை வைக்காதலே" என்று மறித்தீர்கள். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் தொட்டேன். மண்ணெண்ணெய் நனைத்த துணியை வைத்து, ஊறவிட்டுத் துடைத்தேன். பத்து வருசச் சந்தனம் எண்ணெய் குடித்து ஓடு மாதிரி பெயர்ந்து விழுந்தது. அடியில் கம்பெனி அச்சு. 3168. வர்க்கீஸ் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்தார். நாலாவது எண்ணைப் படிக்கும்போது நீங்கள் அங்கே இல்லை.

அது பிறந்த இஞ்சின். துரை விற்ற அதே இஞ்சின். இஞ்சினைப் பிரித்து வேலை செய்கிற எவனும் முதலில் அதை மண்ணெண்ணெயில் கழுவுவான். என் அப்பாவும் கழுவினார். சந்தனம் போய்விட்டது, உங்களுக்கு முகம் தெரியவில்லை. நம்பர் அன்றைக்குத் திறந்து கிடந்தது, மாமா. குனிந்து படித்திருந்தால் போதும். அப்பா அதைத்தான் கேட்டார். நீங்கள் அடுத்த பூசைக்கு அதன்மேலேயே மறுபடி சந்தனத்தை அப்பினீர்கள்.

இடப்பக்கத்து நம்பரை யார் வெட்டச் சொன்னது, ஏன் என்று நீங்கள் எழுதிக்கொடுத்தால் கோப்பையைப் பற்றி யோசிப்பதாகச் சங்கம் சொல்கிறது. அது உங்கள் பாடு. எனக்கு வேண்டியது வேறு. எந்தச் சாவடியில் சொன்னீர்களோ அதே சாவடியில் என் அப்பா திருடவில்லை என்று சொல்லுங்கள்.

சீனிச்சாமி


மார்க்கையன்கோட்டை,
26-1-1939

மருமகன் சீனிச்சாமிக்கு,

சொல்லிவிட்டேன். உன் அப்பனுக்கு இந்த ஜில்லாவில் யாருக்கும் கிடைக்காத பேரை வாங்கிக் கொடுத்துவிட்டேன். பொன்னாத்தாளிடம் சொல், பூரித்துப் போவாள்.

நேற்றுச் சாவடியில் நல்ல கூட்டம். துண்டை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தேன். பலவேச மச்சான் இஞ்சினைக் கழுவி எடுத்து வருகிற வழியில் முல்லையாற்றில் வெள்ளம் என்றேன். இஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு மச்சான் ஒற்றைக் கையால் நீந்தினார் என்றேன். அக்கரையில் நாலு கொள்ளைக்காரன். நாலு பேரையும் ஸ்பானர் ஒன்றாலேயே சாய்த்துவிட்டு, இஞ்சினில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் கொண்டுவந்து சேர்த்தார், அப்பேர்ப்பட்ட மனுசனை நான் கொஞ்சம் தவறாக நினைத்துவிட்டேன் என்றேன். கேட்டவனெல்லாம் வாயைப் பிளந்தான்.

வெற்றிலைக் கொடிக்கால் கர்ணன் மட்டும், "இம்புட்டு நாளும் யானை கதை. இன்னிக்கு மச்சான் கதையா? நல்லாத்தான் இருக்கு, அந்தக் கொள்ளைக்காரனுக்கு மீசை உண்டா?" என்று கேட்டான். சாவடியே சிரித்தது. நானும் சிரித்தேன். உண்டு என்றேன்.

சங்கத்துக்கும் எழுதிவிட்டேன். பேர் வெட்டுகிறவருக்குக் கண் பார்வை குறைவு, என் வீட்டில் அண்டாவுக்குப் பேர் வெட்ட வந்தவர், கொட்டகையில் நின்ற இஞ்சினை அண்டா என்று நினைத்து வெட்டிவிட்டார் என்று. கோப்பைக்கு அலமாரியில் இடம் ஒதுக்கியாகிவிட்டது.

கோட்டைச்சாமி


மதுரை,
30-1-1939

மாமாவுக்கு,

உங்கள் காகிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முல்லையாற்று வெள்ளம் வரையில் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

அப்பா இஞ்சினை மதுரையிலிருந்து பார மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். ஆற்றில் நீந்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. கழுவினார், பூட்டினார். அவ்வளவுதான் அவர் செய்தது.

நீங்கள் அவரைக் களவாணி என்றபோது ஊர் சிரிக்கவில்லை. இப்போது சிரிக்கிறது. எந்த இடத்தில் நிஜம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதபடி சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு, சொல்லிவிட்டேன் என்கிறீர்கள். கர்ணன் இதையும் ஒரு கதையாகத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார். நாளைக்கு மார்க்கையன்கோட்டையில் நாங்கள் இன்னும் இஞ்சின் களவாணி வீடுதான், கூட ஒரு வேடிக்கையும் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு இரண்டு வார்த்தையில் சொன்னீர்கள். இன்றைக்கும் அப்படியே சொல்லுங்கள். வெள்ளம் வேண்டாம், கொள்ளைக்காரன் வேண்டாம், பேர் வெட்டுகிறவருக்குக் கண் தெரியாது என்பதும் வேண்டாம். அவர் பிழைப்பே கண்ணில்தான் இருக்கிறது, ஒருத்தர் பேரைக் கெடுத்தது போதாதா?

முடியாவிட்டால் இனி எனக்கு எழுதாதீர்கள். பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

சீனிச்சாமி


மார்க்கையன்கோட்டை,
8-2-1939

சீனிச்சாமிக்கு,

சங்கத்துக்குத் திரும்ப எழுதினேன். நம்பரை வெட்டச் சொன்னது நான், இஞ்சின் வேறு என்று நினைத்துக்கொண்டே மனுவில் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினேன். கோப்பை போடிக்காரர் ஒருவர் வண்டிக்குப் போகிறது.

நேற்றுச் சாவடிக்குப் போனேன். உட்கார்ந்தபடியே சொன்னேன். இஞ்சின் மாறவில்லை. பலவேசம் திருடவில்லை. சீட்டைக் கேட்டார், நான் கொடுக்கவில்லை.

கர்ணன் சிரிக்கிறதற்கு வாயைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். மேற்கொண்டு ஏதாவது வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

பின்னால் தூணோரம் இருந்து யாரோ, "அப்ப அந்த மனுசன் ஒண்ணுமில்லாததுக்கா ஊரை விட்டுப் போனாக?" என்று கேட்டார்கள்.

ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு அங்கே யாரும் உட்காரவில்லை. ஒவ்வொருத்தராக எழுந்து, என்னைச் சுற்றிக்கொண்டு படி இறங்கிப் போனார்கள்.

கோட்டைச்சாமி